பந்தியை நிறுத்தாதீர்கள், பதார்த்தத்தைக் குறையுங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் கிராமத்தில் மகளிர் குழுவும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, சமுதாயக் கூடத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை 35 முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறோம். மளிகைச் செலவு கட்டுப்படியாகவில்லை. பந்தியை நிறுத்திவிட்டுப் பொட்டலமாக வீட்டுக்கே கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். வாரம் மூன்று நாள் போதும் என்கிறார்கள் சிலர். பலருக்குச் சர்க்கரை இருப்பதால் சோற்றுக்குப் பதில் தினமும் ராகிக் களி போடலாம் என்றும் ஒரு பேச்சு. எது சரி?

பதில்: முடிந்தவரை பந்தியை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போய்விட, தனியாக இருக்கும் பெரியவர்கள் தருமபுரிக் கிராமங்களில் நிறைய. ஒரு ஆளுக்காக அவர்கள் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பொட்டலம் கொடுத்தால் பாதியை ராத்திரிக்கு எடுத்து வைப்பார்கள், இல்லையென்றால் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடுவார்கள். யார் இரண்டு நாளாக வரவில்லை, யாருக்குக் கை நடுங்குகிறது, யாருக்கு ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு உடம்பு இளைத்துவிட்டது என்பதெல்லாம் பரிமாறுகிறவர் கண்ணில்தான் முதலில் படும். பொட்டலத்தில் அது போய்விடும்.

செலவைக் குறைக்க அப்பளம், பாயசம், இரண்டாவது பொரியல் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். பருப்பிலும் முட்டையிலும் மட்டும் கை வைக்காதீர்கள். சாம்பாரைத் தண்ணீராக்கி ஆள் கணக்கை ஒப்பேற்றுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. முதியவர்களுக்கு அதைப்போலக் கெடுதல் வேறில்லை. வயதானால் தசை வேகமாகக் கரையும். அதற்கு ஈடுகொடுக்க உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது தினமும் வேண்டும். 50 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம் என்றால், மதியத்தில் 15 முதல் 20 கிராம் போய்ச் சேர வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஆளுக்கு 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம், மீதி சோற்றிலிருந்து கிடைத்துவிடும். ஒரு நாள் கொள்ளுக் கடைசல், ஒரு நாள் தட்டைப்பயறுக் குழம்பு, ஒரு நாள் பருப்புப் போட்ட கீரை என்று கெட்டியாக ஒரே குழம்பு வைத்தால் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளட்டும்.

களி நல்லதுதான். 100 கிராம் ராகியில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்புவது தவறு. நைசாக அரைத்த மாவில் கிண்டிய பெரிய உருண்டையை வெறும் குழம்பில் தொட்டு விழுங்கினால், சோற்றைப் போலவே ஏறும். உருண்டையைச் சிறிதாக்கி, கீரையையும் பயறையும் தாராளமாக வையுங்கள். வாரம் இரண்டு நாள் களி போதும். அதுவும் சூடாக, பந்தியில் மட்டும். ஆறிய களி இறுகிப்போய்த் தொண்டையில் அடைக்கும். பல் இல்லாதவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் அது ஆபத்து.

நேரத்தை மாற்றுவதாக இருந்தால் கவனம். காலையில் இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுத்துக்கொண்டு உங்கள் 12.30 மணிச் சாப்பாட்டை நம்பி இருப்பவருக்கு, 2 மணிக்குச் சாப்பாடு வந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் தெரிந்தால், நினைவோடு இருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

நடக்க முடியாத சிலருக்குப் பொட்டலம் தேவைதான். அவர்கள் பங்கை முதலில் எடுத்து, எவர்சில்வர் தூக்கில் போட்டு அனுப்புங்கள். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. குழம்பை பிளாஸ்டிக் கவரில் கட்ட வேண்டாம். 2019 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது.

இன்னொன்று, தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். உலையும் பருப்பும் காவிரியிலிருந்து குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரிலேயே வேகட்டும்.

இத்தனைக்கும் பிறகு கை கடிக்கிறது என்றால் மூன்று நாள் ஆக்குங்கள். ஆனால் திங்கள், புதன், வெள்ளி என்று இடைவெளி விட்டு. மற்ற இரண்டு நாளுக்கு ஒரு வழி இருக்கிறது. முதியோர் உதவித்தொகை வாங்குபவர்கள் சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடலாம். 1983 ஜனவரி முதல் இருக்கும் ஏற்பாடு இது. அங்கே சாப்பிடுபவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ. தகுதி இருந்தும் உதவித்தொகை வாங்காதவர்கள் உங்கள் பந்தியிலேயே இருப்பார்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு மனு எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், இலவசமாகப் போட்டாலும் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். செய்திருக்காவிட்டால் இந்த மாற்றத்தோடு செய்துவிடுங்கள்.

மாற்றத்தைச் சுவரில் எழுதி ஒட்டினால் போதாது. இரண்டு வாரம் முன்பிருந்தே பந்தியில் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் போனில் சொல்லிவிடுங்கள். அப்படியும் முதல் வாரம் செவ்வாயும் வியாழனும் சிலர் வந்து நிற்பார்கள். அந்த இரண்டு நாளும் கூடத்தில் ஒரு ஆள் இருக்கட்டும், கொஞ்சம் சோறும் இருக்கட்டும்.