மேடையா, பல்கலைக்கழகமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் மகள் வயலினில் எட்டாம் கிரேடு தேறிவிட்டாள். கச்சேரியும் செய்ய வேண்டும், பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் வேண்டும் என்கிறாள். அவள் அப்பா மருந்தியல் படிக்கச் சொல்கிறார். இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்க முடியுமா?
– ஒரு தாய், கிள்ளான்

பதில்: முடியும் அம்மா. ஜோசஃப் கிங்கோல்ட், கிளீவ்லண்ட் இசைக்குழுவின் முதன்மை வயலின் கலைஞராக இருந்துவிட்டு 1960இல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஜோஷுவா பெல் அவரிடம் படித்தவர்தான். நம் பக்கத்தில் கர்நாடக வயலின் கலைஞர் டி.என். கிருஷ்ணன் சென்னை இசைக் கல்லூரியில் முதல்வராகவும், டில்லிப் பல்கலைக்கழகத்தில் டீனாகவும் இருந்தவர். கச்சேரியையும் விடவில்லை.

ஆனால் ஆளை எடுக்கும் முறை இரண்டு இடத்திலும் வேறு. பெரிய இசைக்குழுக்கள் பல, திரைக்குப் பின்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்கின்றன; அங்கே பட்டம் எடுபடாது, காதுதான் நீதிபதி. பல்கலைக்கழகமோ முதுகலைப் பட்டம் எங்கே என்று கேட்கும். மேலே ஏற முனைவர் பட்டமும் கேட்கும். மகள் இரண்டையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

எட்டாம் கிரேடு, அதாவது கிரேடு தேர்வுகளின் கடைசிப் படி, பெரிய விஷயம்; கேக் வெட்டுங்கள். ஆனால் பட்டப்படிப்புக்கான தேர்வில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் (Bach) தனி வயலின் படைப்பில் ஒரு பகுதி, ஒரு கன்செர்ட்டோவின் (தனிக் கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதல் பகுதி, ஸ்கேல்கள் (சுர வரிசைகள்) என்று கேட்பார்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்திலும் செராஸில் யூசிஎஸ்ஐ பல்கலைக்கழகத்திலும் இசைப் பட்டப்படிப்பு இருக்கிறது. மாணவர் கச்சேரி ஒன்றில் போய் உட்காருங்கள். விளம்பரத் தாள் சொல்லாததை அது சொல்லிவிடும்.

வேலை கிடைத்த பின்பு? எனக்குத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் விடிவதற்குள் வயலின் வில்லைக் கையில் எடுத்துவிடுகிறார். எட்டு மணிக்குப் பிறகு தனி வகுப்பு, குழு ஒத்திகை, செமஸ்டர் தேர்வு, கூட்டம், கோப்பு. வில்லுக்கு நேரம் ஏது? நேர்காணலில் மகள் தயங்காமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கச்சேரியை ஆய்வுப் பணியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா? எடுத்துக்கொள்ளும் துறையும் உண்டு, கட்டுரை மட்டும் கேட்கும் துறையும் உண்டு. இரண்டாவது வகையென்றால் மேடை முழுக்க அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் செலவில்தான். பகுதிநேர வேலையோ மணிக்கணக்குச் சம்பளம். செமஸ்டர் விடுமுறையில் கை காய்ந்துவிடும். அப்பாவின் கவலை இங்கேதான் நியாயமாகிறது.

வயலின் கலைஞர் எல். சுப்ரமணியம் மருத்துவம் படித்து முடித்த பிறகே கலிபோர்னியாவில் மேற்கத்திய இசையில் முதுகலை படித்தார். (இந்தப் பத்தியை அப்பாவிடம் காட்டாதீர்கள். மருந்தியல் விண்ணப்பத்தை இன்றே நிரப்பிவிடுவார்.)

கேள்வி: சிறு வயது முதல் கர்நாடக வயலின் கற்கிறேன். பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய வயலின் எடுத்தால் இது உதவுமா, சார்?
– மாணவன், பட்டர்வொர்த்

பதில்: செவிக்கு உதவும் தம்பி, உடம்புக்கு இடைஞ்சல். நாம் தரையில் அமர்ந்து வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றுகிறோம். கருவியைத் தாங்கும் வேலை இல்லாததால் இடக்கை தாராளமாக வழுக்குகிறது, கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வருகிறது. அங்கே தாடையும் தோளும்தான் பிடி. நமக்குத் தந்திகள் ச-ப-ச-ப. அவர்களுக்கு ஜி, டி, ஏ, இ. விரல் பழைய இடத்தையே தேடும். ஒரே வயலினைத் திருகித் திருகி மாற்றாமல், சாதாரண வயலின் இன்னொன்று வாங்கி அந்தச் சுருதியிலேயே வைத்துக்கொள். உனக்குப் பெரிய மலை, இசைக்குறிப்புத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது. அதை இன்றைக்கே தொடங்கு. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்த கருவி இது. நீ எதிர்த்திசையில் போகிறாய், அவ்வளவுதான். இரண்டும் தெரிந்த ஆசிரியர்கள் குறைவு. வேலை தேடும்போது அது உனக்கு நல்லது.

கேள்வி: வகுப்பு முடிந்து சாப்பிடப் போகும்போது வயலினைக் காரிலேயே விடலாமா?
– செந்தூல் வாசகர்

பதில்: கூடாது. நம் ஊர் வெயிலில் நின்ற காருக்குள் ஒட்டுப் பசை இளகி மூட்டு விடும், வார்னிஷும் கெடும். வாழையிலைக் கடையில் கூட்டமா? அதற்கும் சேர்த்து ஒரு நாற்காலி கேளுங்கள்.