டைல்ஸ் ஏன் புதுசாகவே இருக்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம்ங்க. எனக்கு 48 வயது. பெருந்துறைப் பக்கம் ஹார்டுவேர், டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் சேவைச் சங்கத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். செயலாளர், பொருளாளர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இந்த ஜூலையில் தலைவர் பதவி எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, சேர்ந்து இரண்டே வருடமான ஒரு மில்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். பதவியேற்பு விழாவில் என்னை மேடைக்குக்கூடக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டியது முழுக்க என் உழைப்பு. என் கடை டைல்ஸைத்தான் அசல் விலைக்குப் போட்டேன். இரண்டு வருடமாகியும் இன்றைக்கும் புதுசு போலவே இருக்கிறது. சாவி ஹெட்மாஸ்டரிடம் பத்திரமாக இருக்கிறது, யாராவது பார்க்க வந்தால் திறந்து காட்டுகிறார். ஆனால் கல்வெட்டில் என் பெயர் ஐந்தாவது! வீட்டில் "சங்கமெல்லாம் போதும், கடையைப் பாருங்க" என்கிறார்கள். ஆள் சேர்த்துக்கொண்டு பிரிந்துபோய்ப் புதுச் சங்கம் ஆரம்பிக்கலாமா?
(பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்: தம்பி, இந்த மேடைக் கதை எனக்குப் பழக்கமானது. ஜூலையில் பதவியேற்பு நடக்கும், ஆகஸ்டில் எனக்குக் கடிதம் வரும். ஊர்ப் பெயரும் சால்வையின் நிறமும்தான் மாறும். அதனால் அந்த மில்காரரைக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, உங்கள் டைல்ஸைப் பற்றிப் பேசுவோம்.

நீங்கள் டைல்ஸ் விற்கிறவர். உங்கள் கடைக்கு ஒருவர் வந்து, "ரெண்டு வருசமா ஒரு பள்ளிக்கூடமே புழங்குது, பாத்ரூம் டைல்ஸ் புதுசாவே இருக்குதுங்க" என்று சொன்னால் நம்புவீர்களா? நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பட்டால் ஆறே மாதத்தில் உப்புக் கறை வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லி ஆசிட் பாட்டிலும் சேர்த்து விற்கிறவர் நீங்கள்தானே? அந்தத் தரையில் தண்ணீரே படவில்லை தம்பி. ஒரு பிள்ளையின் காலும் படவில்லை. பூட்டிய அறையில் டைல்ஸ் பளபளவென்று இருக்கிறது என்பதை உங்கள் வேலைக்குச் சாட்சியாக எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எழுதும்போது கை கூசவில்லையா?

நான் படித்த பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒரு சோளக்காடு இருந்தது. அதுதான் எங்களுக்கு எல்லாம். சோளத்தட்டை அறுத்துவிட்டால் அதுவும் கிடையாது, சாயங்காலம் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். காலையில் தண்ணீர் குடித்தால்தானே பிரச்சினை என்று குடிக்காமலே போவோம். நீர்க்கடுப்பில் துடித்த பிள்ளைகளுக்குச் "சூடு பிடிச்சிருக்குது" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிடுவார்கள். மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கே போகமாட்டோம், கணக்குப் பாடத்தில் எங்களுக்கு எப்போதும் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காடுகூட வேண்டியதில்லை, கண் முன்னாலேயே கட்டடம் நிற்கிறது. அதைப் பூட்டு தொங்கப் பார்த்துக்கொண்டு அடக்குகிறார்கள். இது எங்கள் காலத்தைவிட மோசம் இல்லையா? உங்களுக்குப் பெண் பிள்ளை உண்டா என்று எழுதவில்லை. இருந்தால், ஒரே ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து நாலரை வரை வீட்டுக் கழிப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள் பார்ப்போம்.

ஹெட்மாஸ்டரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவர் பாதிக் குற்றவாளிதான். தண்ணீர் இல்லாமல், கழுவ ஆள் இல்லாமல் திறந்துவிட்டால் இரண்டே நாளில் நாறும். நாறினால் பேச்சு வாங்குவது அவர். அதனால் பூட்டிவிட்டார். தண்ணீர் எங்கிருந்து வரும், யார் கழுவுவது, அவருக்குச் சம்பளம் யார் தருவது என்று ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் உங்கள் சங்கத்தில் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். பொருளாளராக இருந்த நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நம் நாட்டில் சீர் என்று ஒன்று இருக்கிறது. பெண் பெரியவளானால் தாய்மாமன் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைக்கிறான். வைத்ததோடு அவன் கடமை முடிந்ததா? அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், படிப்புக்குப் பணம் குறைந்தது என்றால் முதலில் வந்து நிற்க வேண்டியவன் அவன்தான். சீர் வைத்த மறுநாளிலிருந்து எட்டிப் பார்க்காத மாமனை ஒறம்பரைக்குள், சொந்தக்காரர்களுக்குள், எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்கள் மாமன் முறையாகிவிட்டீர்கள். சீரைக் கொடுத்துவிட்டு ஓடுவதற்கு உங்களுக்கு உரிமை கிடையாது. நான் பழைய ஆள், இப்படித்தான் பேசுவேன்.

சேவைச் சங்கங்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. ரோட்டரிக்காரர்கள் 1985-ல் போலியோ வேலையைக் கையில் எடுத்தார்கள். இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி தெரியவந்தது 2011 ஜனவரியில், நோய் ஒழிந்தது என்று சான்று கிடைத்தது 2014-ல். கிட்டத்தட்ட முப்பது வருடம்! அரசாங்க ஊழியர்களும் தொண்டர்களுமாகச் சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாகப் போனபோது, பிள்ளை விடுபட்ட வீட்டுச் சுவரில் ஒரு குறி போட்டுவிட்டு வருவார்கள். மறுபடியும் போக வேண்டிய வீடு என்று அதற்கு அர்த்தம். அந்தக் குறி போட்ட கைகள் எவருடையவை என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

புதுச் சங்கம் ஆரம்பிக்க 20 பேர் தேறினால் போதும், நீங்கள் தாராளமாகத் தேற்றிவிடுவீர்கள். ஒரே ஊரில் டவுன், சென்ட்ரல், மிட்டவுன் என்று நாலு சங்கம் இருப்பதில் பாதி இப்படி மேடைச் சண்டையில் பிறந்தவைதான் என்பது என் கணிப்பு. அப்புறம் உங்கள் சங்கமும் ஒரு கழிப்பறை கட்டும். அதில் உங்கள் பெயர் முதலாவதாக இருக்கும். சாவி இன்னொரு மேசை டிராயருக்குள் போகும்.

உங்கள் வீட்டம்மா சொன்னதையும் நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். கடை மட்டும் பார்த்துக்கொண்டு கிடக்க மனுசன் பிறக்கவில்லை. ஆனால் ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போனீர்களே, ஒரு தடவையாவது அந்தப் பள்ளிக்கு அவரைக் கூட்டிப் போனீர்களா? கூட்டிப் போயிருந்தால் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

சரி, வருகிற திங்கட்கிழமை இரண்டு பேரும் போங்கள். போட்டோகிராபர் வேண்டாம், ஒரு பிளம்பர் போதும். நீங்கள் வெளியே நில்லுங்கள். உங்கள் வீட்டம்மா உள்ளே போய், பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கட்டும்: தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, வாளியும் மக்கும் இருக்கிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா. இதெல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பாருங்கள். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். சாவி அந்தத் தாய்மார்களில் ஒருவர் கைக்குப் போகட்டும்.

கழுவுகிற அம்மாவுக்கு மாதச் சம்பளம் வேண்டுமல்லவா? இப்போது அந்த மில்காரரை எழுப்புங்கள். அவரிடம் பணம் இருக்கிறது, உங்களிடம் ஊர்ப் பழக்கம் இருக்கிறது. நேராகப் போய், "தலைவருங்களே, இந்த வருசம் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம், பழசைத் திறக்கலாமுங்க" என்று கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் முதல் மூன்று மாதச் சம்பளத்தை உங்கள் கல்லாவிலிருந்து கொடுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். அதில் மேடை, சால்வை எதுவும் வேண்டாம். ஆசிட் பாட்டில் ஒன்று எத்தனை நாளைக்கு வருகிறது என்று மட்டும் எழுதுங்கள்.