சென்னை வெயிலுக்கு மெஷ் ஜாக்கெட் போதுமா?
தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குத் தினமும் பைக், லெதர் ஜாக்கெட்டில் வெந்துபோகிறது, காற்று புகும் வலைத்துணியில் தைத்த மெஷ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். லெதரை வீட்டில் விட்டுவிட்டு வெறும் சட்டையோடு கிளம்புவதைவிட எவ்வளவோ மேல்.

உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். பைக் உடைகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 17092-இல் ஏஏ வகை கிடைத்தால் நல்லது, குறைந்தது ஏ. பி வகை வேண்டாம், அதில் அடியைத் தாங்கும் பேடு இருக்காது. தோள், முழங்கை பேடுகள் அவற்றுக்கான இஎன் 1621-1 தரத்தில் லெவல் 2 ஆக இருக்கட்டும். சோதனையில் லெவல் 1 பேடு, அடியின் விசையில் சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை உள்ளே விடலாம். லெவல் 2-க்கு வரம்பு 20தான். முதுகில் பெரும்பாலும் வெறும் ஸ்பாஞ்ச்தான் வரும், அதை எடுத்துவிட்டு அடியைத் தாங்கும் பேடு போடுங்கள்.

அப்புறம், கடையில் நின்றபடி போட்டுப் பார்த்தால் போதாது. வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை பேடு நகர்ந்தால் அந்த சைஸ் சரியில்லை.