கணினி கேள்வி – பதில்: பத்திரிகையில் தொலைந்த ‘கோயில்’

கேள்வி: கல்யாணப் பத்திரிகை அச்சகங்களுக்காகத் தமிழ் வேர்டு பிராசஸர் ஒன்று தயாரிக்கிறோம். அதில் இடைச்செருகல் (அடிப்பது நடுவில் நுழையும்), மேலெழுதல் (அடிப்பது அடுத்த எழுத்தை அழிக்கும்), திருத்தக்குறிப்பு (திருத்தங்கள் குறிகளோடு தெரியும்) என்று மூன்று முறைகள். முறை மாறும்போதெல்லாம் ‘நிச்சயமாக மாற வேண்டுமா?’ என்று ஒரு பெட்டி வருகிறது. யாரும் படிப்பதில்லை, ‘சரி’யைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். வாசகத்தை எப்படி அமைக்கலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள். ஒரு கீயைத் தட்டினால் பழையபடி மாறிவிடும் காரியத்துக்கு அனுமதி எதற்கு? ஓயாமல் கேட்டால் விரல் தானாக என்டருக்குப் போகப் பழகிவிடும். பிறகு நிஜமான ஆபத்தைச் சொன்னாலும் அதே கதிதான்.

மேலெழுதலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘நேமம் கோயில்’ என்பதை ‘வேலங்குடி கோயில்’ ஆக்க, ‘நே’வுக்கு முன்னால் கர்சரை வைத்து ‘வேலங்குடி’ என்று அடிக்கிறார் ஆபரேட்டர். ஐந்து எழுத்துகள். அவை நேமம், இடைவெளி, ‘கோ’ ஆகியவற்றை விழுங்கிவிடும். மிச்சம் ‘யில்’. ஆக, ‘வேலங்குடியில்’! பிழையில்லாத சொல் என்பதால் புரூஃப் பார்ப்பவர் கண்ணிலும் படாது. கணினி ‘யி’யை ‘ய’, கொக்கி என்று இரண்டு யூனிகோடு குறிகளாகத்தான் வைத்திருக்கும். எழுத்தாக அல்லாமல் அந்தக் குறிகளாகக் கணக்கிட்டு அழித்தால் ‘யி’யின் கொக்கி மட்டும் தனியே தொங்கும். எழுத்துக் கணக்கே சரி. ஆனால் அதில் பிழை நன்றாக ஒளிந்துகொள்ளும், அதனால்தான் அறிவிப்பு தேவைப்படுகிறது.

அந்த அறிவிப்பை முறை மாறியதும் காட்டுவதைவிட, முதல் எழுத்து அழியும் கணத்தில் கர்சருக்குக் கீழேயே காட்டுங்கள்: ‘மேலெழுதல்: அடிக்க அடிக்க அடுத்த எழுத்து அழியும். நிறுத்த: இன்செர்ட் கீ.’ எந்த முறை, என்ன ஆகும், எப்படித் திரும்புவது, இவ்வளவு போதும். ‘முறை 2 இயக்கப்பட்டது’ என்பதால் யாருக்கும் பயனில்லை. சில நொடிகளில் மறையும்படியும் வைக்காதீர்கள். ஆபரேட்டரின் பார்வை கையெழுத்துப் பிரதியில் இருக்கும், திரையில் அல்ல. கர்சரையும் கோட்டிலிருந்து கட்டமாக்குங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பட்டனில் ‘மேலெழுதல்’ என்று மொட்டையாக எழுதினால், அது இப்போதைய நிலையா, தட்டினால் வரப்போவதா என்று குழப்பம். நிலைக்கு ‘இப்போது: மேலெழுதல்’, பட்டனுக்கு ‘இடைச்செருகலுக்கு மாறு’.

எல்லாத் திருத்தங்களையும் ஏற்று, குறிகளை நீக்கும் இடத்தில் மட்டும் பெட்டி வையுங்கள். அங்கும் சரி, ரத்து வேண்டாம்: ‘23 திருத்தங்களையும் ஏற்றுக்கொள்’, ‘குறிகளோடு வைத்திரு’. என்டர் தட்டினால் இரண்டாவதே நடக்கட்டும்.

இது பழைய வியாதிதான். 1970களில் ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் உருவான பிராவோ எடிட்டரில், ஒவ்வொரு கீயும் ஒரு கட்டளையாகும் ‘கட்டளை முறை’யில் இருப்பதை மறந்து ‘edit’ என்று ஆங்கிலத்தில் அடித்தால், ‘e’ முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுக்கும், ‘d’ அழிக்கும், ‘i’ செருகல் முறைக்குப் போகும். மிஞ்சுவது ஒரே ஒரு ‘t’!

கேள்வி: வேர்டில் அடிக்கும்போது அடுத்த எழுத்து அழிகிறது. என்ன செய்ய?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இன்செர்ட் கீயில் கைபட்டிருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் ஓவர்டைப் (மேலெழுதல்) பற்றிய இரண்டு டிக்குகளையும் எடுத்துவிடுங்கள். கீழேயுள்ள ஸ்டேட்டஸ் பாரில் ரைட் கிளிக் செய்து ‘ஓவர்டைப்’பைத் தேர்ந்தெடுத்தால், எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று எப்போதும் தெரியும்.