மூன்றாவது மாடியும் ஹீமோகுளோபினும்

கேள்வி: திருச்சிக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். மகள் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு, விஜய் நகரில் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறையில் தங்கியிருக்கிறாள். போன் செய்தால், "நல்லாத்தாம்மா இருக்கேன். மூணு மாடி ஏறினா மூச்சு வாங்குது, இங்க எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறாள். இந்த வயதில் இது சகஜம்தானா?
- முன்னாள் டெல்லி வாசகி, திருச்சி

பதில்: சகஜமே இல்லை, சகோதரி. அந்த வயதுக் கால்கள் மூன்று மாடியையும் தாவி ஏற வேண்டும்.

மாடி என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. விஜய் நகர், ஹட்சன் லேன், கமலா நகர் சந்துகளில் ஏறிப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத மாடிகள். ஓர் அறையைப் பிளைவுட் வைத்து இரண்டாக்கி, வெயில் எட்டாத பாதிக்கும் முழு வாடகை. காலையில் அவசரமாக ஒரு பராத்தா, ஒரு டம்ளர் சாய். மாணவர்களுக்கு விடுதி கட்டுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. "உங்கள் உடல்நிலை எப்படி?" என்ற ஒற்றைக் கேள்விக்கு வந்த பதிலே ஆயுளைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது என்று கனடாவின் மனிடோபா மாகாணத்து முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 1982இலேயே காட்டியது. ஆனால் முதியவருக்குத் தன் உடல்நிலையை ஒப்பிட்டு எடைபோட வலி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, முந்திப் போய்விட்ட நண்பர்கள் இருக்கிறார்கள். மாணவிக்கு இருப்பது பக்கத்துக் கட்டில் தோழிதான். அவளுக்கும் மூச்சு வாங்கினால், மூச்சு வாங்குவதே ஆரோக்கியமாகிவிடுகிறது. என்னைக் கலங்க வைப்பது அந்த "எல்லாருக்கும்"தான்.

அது நிஜமாகவும் இருக்கலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அது மெல்ல வருவதால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டிக்கொள்கிறது, ஆளுக்குத் தெரிவதில்லை.

சாப்பாட்டோடு டீயும் காப்பியும் வேண்டாம் என்று முன்பு எழுதியபோது டெல்லி மயூர் விஹார் வாசகர்கள் சண்டைக்கே வந்தார்கள். திரும்பவும் சொல்கிறேன்: அவை பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். டெல்லியில் உள்ள நம் தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழா மேடைக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை மேசை போடட்டும். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வரும் நாள் அது.

மகளிடம் இனி "நல்லா இருக்கியா?" என்று கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது என்று கேளுங்கள். இந்த வாரமே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. சரியாக இருந்தாலும் அதோடு விடக்கூடாது. மூச்சு வாங்குவதற்கு டெல்லிக் காற்றும் காரணமாகலாம், நுரையீரலையும் பார்த்துவிட வேண்டும். அந்தப் பக்கத்துக் கட்டில் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.