அந்தமானுக்குக் குடும்பத்தோடு: விடுதிக்கு முன் படகைப் பாருங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டிசம்பர் கடைசி வாரத்தில் ஐந்து இரவுகள் அந்தமான் போகிறோம். நான், கணவர், ஆறு வயது மகன், 68 வயது மாமியார். அவருக்கு பஸ்ஸில் போனாலே குமட்டும். கடைசி நாள் காலை நீல் தீவிலிருந்து படகில் போர்ட் பிளேர் வந்து, அன்று மதியமே சென்னை விமானத்தைப் பிடித்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். சரிப்படுமா?"

சரிப்படாது. காற்று பலமாக எழுந்தால் தனியார் படகு, அரசுப் படகு இரண்டுமே நின்றுவிடும். விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில், பிறகு வர்தா புயலாக உருவெடுத்த தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. மாதக் கடைசியில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும் என்றாலும், அதை நம்பி விமான டிக்கெட்டைப் பணயம் வைக்க வேண்டாம். முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த இரண்டு ஹேவ்லாக், ஒன்று நீல், கடைசி இரவு மறுபடியும் போர்ட் பிளேர் என்று மாற்றச் சொல்லுங்கள். விடுமுறைக் காலம் என்பதால் விடுதிக்கு முன்பே படகு டிக்கெட்டை உறுதி செய்யுங்கள். டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம், ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று இருந்தால் திகைக்காதீர்கள். முறையே போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல்தான்.

இனி மாமியார். ஹேவ்லாக்கிற்குத் தனியார் கேட்டமரானில் (இரட்டை அடிப்பகுதி கொண்ட விரைவுப் படகு) சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் வரை ஆகும். வேகத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். சில கேட்டமரான்களில் ஏ.சி. அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். உட்காது ஆட்டத்தை உணர, கண்ணெதிரே இருக்கை அசையாமல் நிற்பதால்தான் குமட்டுகிறது. தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குறையும். எனவே திறந்த மேல்தளத்துக்குப் போக அனுமதிக்கும் படகா என்று கேட்டு வாங்குங்கள். மூடிய படகுதான் கிடைத்தது என்றால் கீழ்த்தளம், நடுப்பகுதி, ஜன்னலோரம். மேலே போகப் போக ஆட்டம் கூடும்; அங்குள்ள விலை உயர்ந்த இருக்கை இவரைப் பொறுத்தவரை காசு கொடுத்து வாங்கும் தலைசுற்றல். காலையில் இரண்டு இட்லி போதும்; வெறும் வயிறு கூடாது. மாத்திரையைப் படகு கிளம்பும் முன்பே போட வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு பயனில்லை. இந்த வயதில் சில மாத்திரைகள் தூக்கத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கும் என்பதால், அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளின் பட்டியலைக் காட்டி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மகனுக்கும் இந்தக் குமட்டல் வரக்கூடிய வயதுதான். படகில் அவன் கையில் செல்போன் வேண்டாம்.

நான் அதிகம் கவலைப்படுவது பெரிய படகைப் பற்றி அல்ல, ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச் போன்ற இடங்களுக்குப் போகும் சிறு படகுகளைப் பற்றி. பெரியவர்களின் லைஃப் ஜாக்கெட்டையே குழந்தைக்கும் மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டி, "ஒன்றும் ஆகாது" என்பார்கள். கொக்கிகளைப் போட்டபின் ஜாக்கெட்டின் தோள்பகுதியை இருபுறமும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது அவனுக்குப் பெரிது. தண்ணீரில் விழுந்தால் பையன் கீழே, ஜாக்கெட் மேலே. எடைக்கேற்ற, தொடைகளுக்கிடையே நாடா உள்ள ஒன்றை ஊரிலேயே வாங்கிப் பெட்டியில் வைப்பது நல்லது. கையில் மாட்டும் காற்றடைத்த பட்டைகள் வெறும் விளையாட்டுப் பொருள். சிறு படகிலிருந்து தண்ணீரில் இறங்கி நடக்க நேரலாம். மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் அவர் கரையில் இருப்பதே நிம்மதி.

அந்தமானில் டிசம்பரில் மாலை ஐந்து மணியைத் தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும். கடல் விளையாட்டுகளை எல்லாம் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முந்தின இரவே விடுதியில் கேட்டு வையுங்கள்.

திரும்பும் முன் மகனின் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். கரையில் கிடந்த செத்த பவளத் துண்டானாலும் எடுத்துவரக் கூடாது; 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பவளத்துக்கும் உண்டு. விமான நிலையச் சோதனையில் சிக்கினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.