மறுகால் இருக்கும்வரை: நன்னீர் ஏரிகள் குறித்துக் கேள்வி பதில்

நாகர்கோவிலில் நெடுங்காலம் புவியியல் நடத்திய ஆசிரியன் நான். உலகின் பெரிய நன்னீர் ஏரிகளைப் பற்றி நம் மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

தக்கலை, ஒன்பதாம் வகுப்பு மாணவி: உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி எது சார்? ஒரு புத்தகத்தில் சுப்பீரியர், இன்னொன்றில் பைக்கால் என்று இருக்கிறது.

இரண்டு புத்தகமும் சரிதான் மக்களே. பரப்பைப் பார்த்தால் வட அமெரிக்காவின் சுப்பீரியர், சுமார் 82,100 சதுர கிலோமீட்டர். நம் குமரி மாவட்டத்தைப் போல ஏறக்குறைய ஐம்பது மாவட்டம் அதற்குள் அடங்கும். ஆனால் அதன் அதிகபட்ச ஆழம் 406 மீட்டர்தான். சைபீரியாவின் பைக்கால் பரப்பில் அதில் பாதிகூட இல்லை. ஆழமோ 1,642 மீட்டர். பூமியின் மேற்பரப்பில் உறையாமல் கிடக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. தேர்வில் பரப்பைக் கேட்கிறார்களா, கொள்ளளவைக் கேட்கிறார்களா என்று பார்த்து எழுது. காஸ்பியன் இவற்றையெல்லாம் விடப் பெரியது, ஆனால் அது உப்பு.

மார்த்தாண்டம்: பைக்காலுக்கு மட்டும் எப்படி இவ்வளவு ஆழம்?

அங்கே நிலம் பிளந்து விலகிக்கொண்டிருக்கிறது. சுமார் 2.5 கோடி ஆண்டுகளாக அந்தப் பிளவு நடக்கிறது. ஆப்பிரிக்காவின் தங்கனீக்காவும் அப்படிப் பிறந்ததுதான், ஆழத்தில் இரண்டாமிடம். சுப்பீரியர் உள்ளிட்ட ஐந்து பேரேரிகளை வெட்டியதோ பனிப்பாறைகள்.

சுசீந்திரம், விவசாயி: ஆற்றுத் தண்ணீரிலும் துளி உப்பு இருக்குமே. ஏரி ஏன் காலப்போக்கில் உப்பாகிவிடுவதில்லை?

இந்தக் கேள்விக்காகவே இத்தனை கேள்விகளையும் வாசித்தேன் என்று சொல்வேன். உங்கள் வயலுக்கு மேலே இருக்கும் குளத்திலேயே பதில் இருக்கிறது: மறுகால், அதாவது நிறைந்த தண்ணீர் வெளியேறும் வழி. பைக்காலில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆறுகள் வந்து விழுகின்றன. வெளியேறுவது அங்காரா ஒன்றுதான். அந்த ஒரு மறுகால் கரைந்த உப்பையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. வழியில்லாத ஏரியில் வெயில் தண்ணீரை மட்டும் குடிக்கும், உப்பு தங்கிவிடும். சாக்கடல் அப்படி ஆனதுதான். மணக்குடிக் காயல் கதை வேறு, அங்கே பொழிமுகம் வழியாகக் கடலே உள்ளே வருகிறது.

வந்த தண்ணீர் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதையும் பாருங்கள். சுப்பீரியரில் ஒரு துளி வெளியேற சராசரியாக 191 ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே வரிசையில் இருக்கும் ஆழம் குறைந்த ஈரி ஏரியில் இரண்டரை ஆண்டுதான். அதனால் சுப்பீரியரில் விழுந்த அழுக்கைப் பேரன் பேத்திகளும் சுமக்க வேண்டியிருக்கும். ஈரி சீக்கிரம் கெடும், சீக்கிரம் தேறவும் செய்யும். 1960களில் சோப்புத்தூளிலும் சாக்கடையிலும் இருந்த பாஸ்பரஸால் அது பாசி பிடித்து நாறியது. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டுக் கட்டுப்படுத்தின, ஏரி தெளிந்தது. பிறகு வயல் உரம் கழுவி வந்து பாசி திரும்பியது. 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரமே குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தது.

குளச்சல், மீனவர்: ஏரியில் என்ன பெரிய அலை அடித்துவிடும்?

கடலை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை அண்ணே. ஆனால் சுப்பீரியரை ஏரி என்று எண்ணி இறங்கிவிடக் கூடாது. 1975 நவம்பர் 10-ஆம் தேதி, 222 மீட்டர் நீளமுள்ள எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் புயலில் அங்கே மூழ்கியது. 29 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஒக்கியில் நம் கரை பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, அந்த வீடுகளின் வாசல் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இதை என்னால் சொல்ல முடியவில்லை. ஈரியில் பெருங்காற்று வீசினால், தட்டைச் சாய்த்தாற்போல ஒரு கரையில் தண்ணீர் வற்றி மறுகரையில் இரண்டு மீட்டருக்கும் மேல் ஏறிவிடும்.

தேரூர்: எங்கள் குளத்தில் ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது. வெளிநாட்டு ஏரிகளிலும் இப்படி உண்டா?

உண்டு. விக்டோரியா ஏரி 1990களில் இதே செடியால் திணறியது; படகு நகரவில்லை, மீன்பிடி துறைகள் அடைபட்டன. இதையே தின்னும் கூன்வண்டுகளை விட்டும், வாரியெடுத்தும் குறைத்தார்கள். சாக்கடையும் உரமும் வந்துகொண்டிருந்தால் திரும்பத் தழைக்கும், அங்கேயும் தழைத்தது.

போன மாதம் குளக்கரையில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். பூ இளம் ஊதா, கண்ணைப் பறிக்கும் அழகு. கீழே முழ நீளத்துக்குக் கறுத்த வேர், சேறும் நத்தையும் ஒட்டி, சாக்கடை நாற்றம் அடித்தது. எங்கிருந்து சாப்பிட்டு வளர்கிறது என்று அந்த நாற்றமே சொல்லிவிட்டது. ஆகையால் செடியை வாருவதோடு, குளத்தில் வந்து சேரும் சாக்கடை ஓடையையும் தடுத்து நிறுத்துங்கள். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைத் தொகுதி 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்திருக்கிறது. நம் குளங்களில் தண்ணீர் சில மாதம்தான் தங்குகிறது, எனவே வரத்தைச் சுத்தமாக்கினால் பலனை நாமே பார்க்கலாம். சுப்பீரியர்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

குலசேகரம்: பேச்சிப்பாறையை ஏரி என்று சொல்லலாமா?

அணை கட்டித் தேக்கியது, ஆகவே நீர்த்தேக்கம். கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் காலத்தில் கட்டி 1906-இல் முடித்தார்கள். அந்தத் தண்ணீர் சானல் வழியாக நம் குளங்களுக்கு வருவதால்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் விளைகின்றன.

இரணியல்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட, பக்கத்தில் இயற்கையான நன்னீர் ஏரி எது?

கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாங்கோட்டை. கேரளத்தின் மிகப் பெரிய நன்னீர் ஏரி, கொல்லம் நகரம் குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான். சாஸ்தாங்கோட்டையில் ரயில் நிலையம் உண்டு. கரையில் சாஸ்தா கோயில் இருக்கிறது, குரங்குகள் அதிகம். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.